கடைசித் தேர்வு சமூகவியல்

பிப்ரவரி 19, திங்கள்

தேர்வு அட்டவணை வந்துவிட்டது. மார்ச் 4 ஆங்கிலம், 11 வரலாறு, 15 பொருளியல், 20 அரசியல் அறிவியல், 28 சமூகவியல். சமூகவியலுக்கு முன்னால் முழுதாக ஏழு நாள் இடைவெளி. எங்கள் பள்ளியில் அந்தப் பாடம் எடுத்தவர்கள் மொத்தமே ஏழு பேர். எனக்குக் கணக்கு வராது என்பதால் அப்பா சம்மதித்தார்.

சமூகவியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன். மற்ற நோட்டுகளை அம்மா புரட்டிப் பார்க்கிறாள். இதை மட்டும் ஒரு முறை பார்த்துவிட்டு, "எல்லாம் ஊர்க்கதையா இருக்குது" என்று வைத்துவிட்டாள்.

யமுனா அக்கா போய் ஆறு மாதம் ஆகிறது. சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். அதே இடத்தில் லேப் டெக்னீஷியனாக இருந்த எழிலரசனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு இருவரும் ஓசூருக்குப் போய்விட்டார்கள். அவர் வேறு சாதி. எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு அவர் எப்படிப்பட்டவர் என்று யாரும் கேட்கவில்லை. அவள் பெயரையும் சொல்வதில்லை. என் போனை அன்றைக்கே வாங்கி வைத்துக்கொண்டார்கள். படிப்புக்காகத்தான் என்றார்கள். படிப்புக்காகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 25, ஞாயிறு

காலையில் எங்கள் தறிப் பட்டறையில் இரண்டு மணி நேரம் தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்தேன். ஒரு ஆள் வரவில்லை. மத்தியானம் 'குடும்பமும் உறவுமுறையும்' பாடம் முடித்தேன்.

சாயங்காலம் பெரியப்பா வந்தார். அப்பாவுக்கு மூத்தவர், எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அவர் சொல்லித்தான் நடக்கும். மேசைமேல் என் செய்முறை ஏடு இருந்தது. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக நடந்த இருபத்திரண்டு திருமணங்களை விசாரித்து நான் வரைந்த பெரிய படம் அதில் மடித்து வைத்திருக்கிறது. பெண் எடுத்த ஊர், கொடுத்த ஊர், தூரம் எல்லாம் போட்டிருக்கிறேன். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். விரல் அப்பா பெயரிலிருந்து கீழே இறங்கி என் பெயரில் நின்றது.

"ஒத்தப் புள்ளையாட்டம் போட்டிருக்கற?"

"ஆமாங்க பெரியப்பா."

"புத்தியுள்ள புள்ள" என்று தலையில் கை வைத்தார்.

அக்காவின் பெயரை நான்தான் எடுத்தேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. படத்தை யாராவது பார்ப்பார்கள் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தது.

மார்ச் 2, சனி

சிறப்பு வகுப்பு. இடைவேளையில் என் தோழி ஷபானா என்னைக் கழிப்பறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். அவள் போனுக்கு அக்கா பேசியிருக்கிறாள். அங்கேயே நின்று நானும் பேசினேன். நான்கு நிமிடம்.

அக்காவுக்கு ஐந்து மாதம். "வாந்தி நின்னுருச்சு நம்மு, இப்ப பசிதான். அம்மா வெக்கற கொள்ளுப் பருப்பு வேணும்போல இருக்குது" என்றாள். என்னை நர்மதா என்று அவள் கூப்பிட்டதே இல்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அக்காவின் பத்து இலக்க எண்ணை 'மக்கள்தொகை அமைப்பு' பாடத்தில் ஐந்து சதவீதங்களாகப் பிரித்து எழுதி வைத்தேன். எழுத்தறிவு விகிதம் மாதிரி இருக்கிறது. யாருக்கும் தெரியாது.

மார்ச் 4, திங்கள்

ஆங்கிலம் சுலபம். தேர்வு மையம் வேறு பள்ளி. வேனில்தான் போவதாக இருந்தேன். காலையில் பெரியப்பா மகன் திலீப் அண்ணன் காரோடு நின்றார். இனி எல்லாத் தேர்வுக்கும் அவர்தான் கூட்டிப் போவாராம்.

மார்ச் 8, வெள்ளி

வரலாறு படித்தேன். கொள்ளுப் பருப்பு செய்யச் சொன்னேன். அம்மா செய்தாள்.

மார்ச் 14, வியாழன்

பெரியப்பா மிட்டாய்க் கடைப் பெட்டியோடு வந்தார். முன்னறையில் அப்பா, அம்மா, திலீப் அண்ணன் எல்லோரும் இருந்தார்கள். என்னையும் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"யமுனா மாசமா இருக்கறாளாமே" என்றார்.

ஆறு மாதத்தில் அந்தப் பெயரை அந்த அறையில் இன்றுதான் கேட்டேன். அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"நடந்தது நடந்துபோச்சு. நம்ம வீட்டு ரத்தம் வவுத்துல இருக்குது. அதையும் ஒதுக்கிப் போட முடியுமா?"

அவருக்கு எப்படித் தெரியும் என்று அப்போது யோசிக்கவில்லை. ஊரில் யாராவது சொல்லியிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

மார்ச் 15, வெள்ளி

பொருளியல் பரவாயில்லை.

நேற்று எழுதியது பொய். அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியும். எட்டாம் தேதி அம்மா கொள்ளு வறுத்துக்கொண்டிருந்தபோது நான்தான் காதில் சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். அப்பாவிடம் சொல்லாமல் இருக்க அவளால் முடிந்திருக்காது. அப்பாவால் அவர் அண்ணனிடம் சொல்லாமல் இருக்க முடிந்திருக்காது. தப்பாக ஒன்றும் நடக்கவில்லையே. நல்லதுதானே நடக்கிறது.

மார்ச் 17, ஞாயிறு

பெரியப்பா அம்மாவின் போனை என் கையில் கொடுத்து, "உன்னோட அக்காளுக்குப் போடு" என்றார். எண் தெரியாது என்றேன். சிரித்தார். "உங்கம்மா சொன்னா, நீ பேசறீன்னு." நோட்டைத் திறக்காமல் மனதிலிருந்து எண்ணைப் போட்டேன். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார்.

அம்மா பேசினாள். பேசினாள் என்ன, அழுதாள். அப்புறம் பெரியப்பா சொல்லிக் கொடுத்ததை நான் சொன்னேன்: "கடைசிப் பரீட்சை இருபத்தெட்டாந்தேதி. ஒன்றரை மணிக்கு முடியும். நீ சென்டர் கேட்டுக்கு வா. அம்மா மட்டும் வருவா. வளையல் போட்டு உட்டுருவா. அங்கிருந்தே நீ திரும்பிப் போயிரலாம்."

"வீட்டுக்கு வேண்டாமா?"

"இப்போதைக்கு வேண்டாம்னு. எழில் மாமாவும் வேண்டாம். நீ மட்டும்."

பிறகு அக்கா கேட்டாள். "நீ சொல்றியா நம்மு? வரட்டுமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா மட்டும் பட்டறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா அக்கா" என்றேன்.

அம்மா அன்றைக்கே கடைவீதிக்குப் போய் பச்சைக் கண்ணாடி வளையல் மூன்று டஜன் வாங்கி வந்தாள். அளவு தெரியாமல் என் கையில் போட்டுப் பார்த்தாள்.

மார்ச் 21, வியாழன்

அரசியல் அறிவியல் நேற்று முடிந்தது. ஷபானாவுக்கு அதுதான் கடைசித் தேர்வு. இன்று காலை பெங்களூரில் இருக்கும் மாமா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

அம்மாவின் போன் சார்ஜ் ஏறவில்லை என்று திலீப் அண்ணன் ரிப்பேருக்கு வாங்கிக்கொண்டு போனார். காலையில்கூட அதில் அம்மா சித்தியோடு பேசினாள். நன்றாகத்தான் இருந்தது.

சமூக விலக்கல் பாடம் பாதி.

மார்ச் 24, ஞாயிறு

எழுதினால்தான் தெளியும் என்று எழுதுகிறேன்.

நேற்று, தேர்வு முடியும்போது எந்தக் கேட் திறந்திருக்கும், பின்னால் வழி உண்டா, பஸ்ஸில் வருகிறவர்கள் எந்தப் பக்கமாக நடந்து வருவார்கள் என்று திலீப் அண்ணன் கேட்டார். எதற்கு என்றேன். பார்க்கிங்குக்கு என்றார்.

28ஆம் தேதி பட்டறைக்கு லீவு என்று அப்பா ஆட்களிடம் சொல்லிவிட்டார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தவிர எங்கள் தறி நின்றதில்லை.

அப்பா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துவிடுகிறார். அம்மா வளையலைக் காட்டினால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

மூன்றையும் எழுதிவிட்டேன். தெளியவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

இன்று மதியம் நான் பட்டறையில் பாவு நூல் கட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். தறி சத்தத்தில் எனக்குப் படிப்பு ஏறும், சிறு வயதிலிருந்தே அப்படித்தான். அப்பா வந்து ஒவ்வொரு தறியாக நிறுத்தினார். கடைசித் தறியும் நின்றபோது காது அடைத்தது.

"நம்மு."

"என்னங்கப்பா?"

"வியாழக்கெழம பரீட்சை முடிஞ்சதும் கேட்டுல நிக்காத. நேரா வந்து காருக்குள்ள ஏறி உக்காந்துக்க. கண்ணாடியை ஏத்தி உட்டுக்க. என்ன சத்தம் கேட்டாலும் எறங்காத."

"என்ன சத்தம்ங்கப்பா?"

அவர் எண்ணெய்க் கையைக் கழுவப் போனார். தொட்டித் தண்ணீரில் சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவினார். நான் முப்பது பக்கம் புரட்டும் வரைக்கும் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு வரிகூட நான் படிக்கவில்லை.

மார்ச் 27, புதன்

அம்மாவிடம் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வேன்? இட்லிக்கு ஊறவைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அக்கா வர வேண்டாம்மா. எனக்குப் பயமா இருக்குது. அப்பா சொன்னதக் கேட்டியா?" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட், பட்டறை லீவு, கார்க் கண்ணாடி.

அறைந்தாள். எனக்கு நினைவு தெரிந்து அம்மா என்னை அடித்ததில்லை.

"பெத்தவன்டீ அவரு. பெத்த புள்ளைய எவனாச்சும்... வாயக் கழுவு. உன்ற பெரியப்பன் என்ற முன்னால கற்பூரம் ஏத்திச் சத்தியம் பண்ணியிருக்காரு. ஆறு மாசங் கழிச்சு என்ற புள்ள மூஞ்சியப் பாக்கப் போறேன். அதைக் கெடுத்துப் போடாத கண்ணு."

கடைசியில் கெஞ்சலாகச் சொன்னாள். அடித்த இடத்தைத் தடவியும் கொடுத்தாள். பிறகு அரிசிப் பாத்திரம் நிரம்பி வழிந்தும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். நான் சொன்னதை அவள் நம்பவில்லை என்று எழுதத்தான் வந்தேன். எழுத வரவில்லை.

பக்கத்து வீட்டில் போன் கேட்கலாம் என்று வாசலுக்குப் போனேன். திலீப் அண்ணன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்ன வேணும் நம்மு?" "ஒண்ணுமில்லீங்கண்ணா." சாயங்காலம் வரை துடைத்துக்கொண்டே இருந்தார்.

நாளைக்கு: ஹால் டிக்கெட், பேனா மூன்று, தண்ணீர் பாட்டில்.

மார்ச் 28, வியாழன், காலை 7 மணி

அம்மா பட்டுப்புடவை எடுத்து வைத்திருக்கிறாள். மத்தியானம் அப்பாவோடும் பெரியப்பாவோடும் இன்னொரு காரில் வருவாளாம். அம்மா மட்டும் என்றுதான் பேச்சு. கேட்டதற்கு, அவர்கள் தூரத்தில் நிற்பார்களாம்.

மார்ச் 29, வெள்ளி

இந்த நோட்டு என் பையில் இருந்ததால் என்னோடு வந்தது. மாவட்டத் தலைநகரில் பெண் குழந்தைகளுக்கான இல்லத்தில் இருக்கிறேன். எனக்குப் பதினெட்டு ஆக இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்தே கால் மணிக்கு வினாத்தாள் கொடுத்தார்கள். எழுத்துகள் தெரிந்தன, வார்த்தைகள் தெரியவில்லை. பெயரை எழுதினேன், பதிவு எண்ணை எழுதினேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அக்கா இந்நேரம் சேலம் தாண்டியிருப்பாள். பத்தே முக்கால். பதினொன்று. முதல் கேள்விக்குப் பக்கத்தில் ஒன்று என்று மட்டும் எழுதியிருந்தேன்.

எழுந்து நின்றேன். கண்காணிப்பாளர் வேறு ஊரிலிருந்து வந்த வயதானவர்.

"என்னம்மா? அடிஷனல் ஷீட்டா?"

"சார், எனக்கு ஒரு போன் பேசணும்."

"பரீட்சை ஹால்ல போனா? உக்காரு."

"சார், எங்க அக்காவ இன்னிக்குக் கொல்லப் போறாங்க."

இத்தனை நாள் இந்த நோட்டில்கூட அதை நான் எழுதவில்லை. முன்னால் இருந்தவர்கள் திரும்பினார்கள். அவர், "எல்லாரும் எழுதுங்க" என்று அதட்டிவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் நடிக்கிறேனா என்று பார்த்திருப்பார். பிறகு வாசலில் நின்ற ஆயாவோடு என்னைத் தலைமையாசிரியை அறைக்கு அனுப்பினார்.

தலைமையாசிரியை கட்டையான அம்மா. கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் பேனாவை மூடாமல் கேட்டார். நான் சொன்னது கோர்வையாக இல்லை. வளையல், கேட், கார்க் கண்ணாடி, கற்பூரம் என்று மாற்றி மாற்றிச் சொன்னேன்.

"நீ கண்ணால ஏதாச்சும் பாத்தியா? கத்தி, அருவா?"

"இல்லைங்க மேடம்."

"யாராச்சும் வாயத் தொறந்து சொன்னாங்களா, கொல்றோம்னு?"

"இல்லைங்க."

"அப்புறம் எப்படித் தெரியும்?"

"எங்கப்பா கை கழுவிட்டே இருந்தாருங்க" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து தன் போனை எடுத்தார். "நம்பர் சொல்லு."

ஐந்து சதவீதங்களையும் வரிசையாகச் சொன்னேன். மணி அடித்துக்கொண்டே போய் நின்றது. இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை எடுத்தாள். பஸ் இரைச்சல்.

"அக்கா, எறங்கு."

"நம்மு? பரீட்சை எழுதல நீ?"

"எங்க இருக்கற?"

"சங்ககிரி வரப் போகுது. ஏன்டி, என்னாச்சு? அம்மாவுக்கு ஏதாவது..."

"வராத. நான் வான்னு சொன்னது தப்பு. எல்லாருமே வர்றாங்க. பட்டறைக்கு லீவு உட்டிருக்காங்க. எறங்கிரு அக்கா."

அவள் எதுவும் கேட்கவில்லை. பட்டறைக்கு லீவு என்றதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. தறி நிற்காத வீட்டில் பிறந்தவள்தானே. தலைமையாசிரியை போனை என்னிடமிருந்து வாங்கி, தான் யார் என்று சொல்லி, "பஸ் ஸ்டாண்டுல நிக்காதம்மா. இறங்கினதும் ஒரு ஆட்டோ பிடிச்சு நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குள்ள போய் உக்காரு. போய்ச் சேர்ந்ததும் இதே நம்பருக்குப் பேசு" என்றார்.

இருபத்தைந்து நிமிடம் கழித்துப் பேசினாள். ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறாளாம், தண்ணீர் கொடுத்தார்களாம்.

தலைமையாசிரியை அடுத்து போலீஸுக்கும் குழந்தைகள் உதவி எண்ணுக்கும் பேசினார். பிறகு என்னிடம், "இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் இருக்கு. போய் எழுது" என்றார். என்னால் முடியாது என்றேன். "முடிஞ்ச வரைக்கும் எழுது. அந்தப் பேப்பர்ல இருக்கறது உன் பேருதானே?"

எழுதினேன். என்ன எழுதினேன் என்று நினைவில்லை. கை வலித்தது மட்டும் நினைவிருக்கிறது.

மணி அடித்ததும் எல்லோரும் வெளியே போனார்கள். என்னைப் போகவிடவில்லை. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் இரண்டு கார்கள். ஒன்று காலையில் நான் வந்தது. இன்னொன்றை நான் பார்த்ததில்லை. அதில் திலீப் அண்ணனும் எனக்குத் தெரியாத மூன்று பேரும் சாய்ந்து நின்றார்கள். அம்மா பட்டுப்புடவையில் ரோட்டைப் பார்த்து நின்றாள். ஒவ்வொரு ஆட்டோ வரும்போதும் ஒரு அடி முன்னால் வந்தாள்.

போலீஸ் ஜீப் வந்தபோது அந்த இன்னொரு கார் போய்விட்டது. பெரியப்பா அவர்களிடம் கைகட்டி, சிரித்த முகத்தோடு பேசிக்கொண்டிருந்தார்.

மார்ச் 31, ஞாயிறு

அக்கா பேசினாள். எழில் மாமா போய்க் கூட்டிப் போய்விட்டார். வேறு வீடு பார்க்கிறார்களாம். எந்த ஊர் என்று சொல்ல வந்தாள். சொல்லாதே என்றேன்.

இங்கே இருபது பெண்கள் இருக்கிறார்கள். சோறு பரவாயில்லை. வாசல் கேட்டில் கார் சத்தம் கேட்டால் நான் மாடிப்படிக்கு அடியில் போய் நின்றுகொள்கிறேன். யாரும் கேலி செய்வதில்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

இரண்டு நாளாக ஒரே யோசனை. அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. காரைச் சோதித்ததில் ஒன்றும் இல்லையாம். அந்த மூன்று பேர் யார் என்றும் தெரியவில்லையாம். ஒருவேளை அவர்கள் சும்மா வந்தவர்களாக இருந்தால்? அப்பா வேறு எதையோ சொல்லியிருந்தால்? அம்மாவுக்கும் அக்காவுக்கும் இருந்த ஒரே ஒரு நாளை நான் கெடுத்துவிட்டேனா? இனி அம்மா அவள் முகத்தைப் பார்க்கவே முடியாமல் போனால் அது என்னால்தானே.

நாளை மறுநாள் குழந்தைகள் நலக் குழு முன்னால் விசாரணை. வீட்டிலிருந்து வருவார்கள்.

ஏப்ரல் 4, வியாழன்

நீளமான மேசை. குழுவினர் நான்கு பேர். நடுவில் இருந்த குழுத் தலைவிதான் கேள்வி கேட்டார். எதிரே பெரியப்பா, அப்பா, அம்மா. அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள், பெரியப்பா கையைக் காட்டியதும் உட்கார்ந்துவிட்டாள். ஒரே வாரத்தில் இளைத்திருந்தாள்.

பெரியப்பாதான் பேசினார். எவ்வளவு நன்றாகப் பேசுகிறார். "பச்சப் புள்ளைங்க மேடம். ராப்பகலா படிச்சுப் படிச்சுப் புத்தி பேதலிச்சுப் போச்சு. பரீட்சை பயம். பேப்பரப் பாத்ததும் ஒண்ணும் தெரியாம, தப்பிக்கறதுக்கு ஒரு கதையக் கட்டி உட்டுருச்சு. சின்னப் புள்ளதானே, நாங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்கல. கூட்டிட்டுப் போயி நல்ல டாக்டரா பாத்துக் காட்டறோம்."

அம்மாவிடம் கேட்டார்கள். தரையைப் பார்த்துக்கொண்டு, "பரீட்சை பயம்தானுங்க" என்றாள்.

என்னிடம் கேட்டார்கள். தலைமையாசிரியையிடம் சொன்னதையே சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது ஒன்றுமில்லாததாகத் தெரிந்தது. பெரியப்பா என்னைப் பார்த்துப் பாசமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பரீட்சை பயம்தான், தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சொல்லிவிடலாமா என்றுகூட வாய்வரை வந்தது. சொன்னால் இன்றே வீட்டுக்குப் போகலாம். போன பிறகு என்ன என்று நினைத்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

குழுத் தலைவி அப்பா பக்கம் திரும்பினார். "நீங்கதான் தகப்பனார். இதுவரைக்கும் நீங்க ஒண்ணும் பேசலையே. பொண்ணை உங்க பொறுப்புல வீட்டுக்கு அனுப்பலாமா?"

பெரியப்பா, "அதுக்குத்தானுங்க வந்திருக்கறோம்" என்றார்.

"நான் அவரைக் கேக்கறேன்."

அப்பா எழுந்து நின்றார். சட்டைப் பொத்தானை ஒன்று கழற்றி மறுபடி போட்டார். என்னைப் பார்த்தார். பட்டறையில் என்னிடம் பேசியபோதுகூட அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

"வேண்டாமுங்க" என்றார்.

"என்ன வேண்டாம்?"

"வீட்டுக்கு அனுப்ப வேண்டாமுங்க. இங்கயே இருக்கட்டும்."

பெரியப்பா சிரித்துக்கொண்டே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா உட்காரவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய தாள் எது என்று மேசையில் தேடினார்.